மெடிக்கலில் அன்ஃபிட் ஆன பிறகு: ராணுவக் கனவு பாதியில் நின்றவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓட்டத்தில் தோற்றால் அடுத்த முறைக்குள் வேகத்தைக் கூட்டலாம். எழுத்துத் தேர்வில் தோற்றால் இன்னும் படிக்கலாம். மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எதைக் கூட்டுவது, எதைப் படிப்பது? குறை செவிப்பறையில் இருக்கிறது, முதுகெலும்பின் வளைவில் இருக்கிறது, நிறம் பிரித்தறியும் விழித்திரைச் செல்களில் இருக்கிறது. அதிலும் பல படைகளில் முழு மருத்துவப் பரிசோதனை கடைசிக் கட்டம். மற்ற எல்லாவற்றையும் தாண்டி வந்தவரைத்தான் அது திருப்பி அனுப்புகிறது.

இந்த நிலையில் இருப்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். தெளிவாக முடியாது என்று சொல்லப்பட்டவர் ஒருவழியாக எழுந்து நடந்துவிடுகிறார். முடியுமா முடியாதா என்றே தெரியாமல் இழுபடுபவர்தான் வருடக்கணக்கில் தேங்கிவிடுகிறார். ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் ஒரே வேலைக்காகத்தான்: உங்கள் விஷயத்தில் கதவு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்பதைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ப நடப்பது.

முதல் படி: காகிதத்தை வாங்குங்கள், கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் இரண்டு மூன்று நாட்களில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். படிப்பை விடுவது, வேலையை விடுவது, பயிற்சி உடைகளைத் தூக்கி எறிவது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. என்ன காரணத்துக்காக நிராகரித்தார்கள் என்று எழுத்தில் இருக்கும் தாளைக் கையில் வாங்குங்கள். ‘கண்ணுல ஏதோ பிரச்சினையாம்’ என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் உதவ முடியாது. நோயின் பெயர், அளவு, எந்தப் பக்கம், எந்தச் சோதனையில் வந்த முடிவு ஆகிய நான்கும் தெரிய வேண்டும்.

அடுத்தது கெடு. மேல்முறையீட்டுக் காலம் நீங்கள் அழுது முடிக்கும்வரை காத்திருக்காது. இந்தியாவில் அதிகாரி நுழைவுகளில் சிறப்பு மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னால், மேல்முறையீட்டு மருத்துவக் குழு 42 நாட்களுக்குள் நடக்க வேண்டும். அங்கும் அன்ஃபிட் என்றால் மறுஆய்வுக் குழு கேட்டு ஒரே நாளுக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடைசிக் குழு உரிமையாகக் கிடைப்பதும் இல்லை; ஆயுதப்படை மருத்துவ சேவைகளின் தலைமை இயக்குநர் தகுதி பார்த்து அனுமதித்தால் உண்டு. படைவீரர் சேர்க்கைக்கும் மற்ற நுழைவுகளுக்கும் கணக்கு வேறு. எனவே நண்பர் சொன்ன தேதியை நம்பாமல் உங்கள் அறிவிக்கையிலும் கையிலிருக்கும் தாளிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: எந்த வகை ‘முடியாது’ என்று பிரியுங்கள்

எல்லா அன்ஃபிட்டும் ஒன்றல்ல. மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, சரிசெய்யக்கூடியது. காதில் அடைத்த அழுக்கு, கூடுதல் எடை, ஹைட்ரோசீல் (விரைப்பையில் நீர் தேங்குவது), வேரிகோசீல் (விரைப்பையின் ரத்தக் குழாய்கள் வீங்குவது), மூக்கின் நடுத்தண்டு வளைவு போன்றவை. டெம்பரரி அன்ஃபிட், அதாவது தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதப்படுவதில் பெரும்பங்கு இவைதான். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை 1940-ல் எடை போதாது என்று அமெரிக்க ராணுவம் திருப்பி அனுப்பியது. எடையைக் கூட்டிக்கொண்டு 1941 மார்ச்சில் சேர்ந்தார், ஐரோப்பாவின் மீது குண்டுவீச்சு விமானம் ஓட்டினார், 1959-ல் ரிசர்வ் விமானப்படையில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

இரண்டாவது, அளவீட்டில் சந்தேகம் இருப்பது. பதற்றத்தில் எகிறிய ரத்த அழுத்தம், படபடத்த நாடித்துடிப்பு, முந்தைய நாள் இரைச்சலில் இருந்துவிட்டு எடுத்த செவித்திறன் சோதனை, சிறுவயதில் இரண்டு முறை மூச்சு இரைத்ததற்கு யாரோ ‘ஆஸ்துமா’ என்று எழுதிவைத்த பழைய சீட்டு. மேல்முறையீட்டுக்கு உண்மையான பலம் இருப்பது இந்த வகையில்தான்.

மூன்றாவது, மாறாதது. நிறக்குருடு, வலிப்பு நோய், முதல் வகை நீரிழிவு போன்றவை. முழங்கை வெளிப்பக்கம் அதிகம் வளைந்திருக்கும் கோணமும் இங்கேதான் வரும். அது எலும்பின் அமைப்பு, தண்டால் எடுத்து மாற்ற முடியாது. இங்கே நேரத்தையும் பணத்தையும் கொட்டுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். நிறக்குருட்டுக்கு விற்கும் வண்ணக் கண்ணாடிகள் சில நிறங்களின் வேறுபாட்டைத் தூக்கிக் காட்டலாம்; மருத்துவக் குழுவின் முன் அவை உதவாது. நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும் முட்டி இடிப்பு ‘பதினைந்து நாளில் போய்விடும்’ என்ற வீடியோக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு கிளைவழியும் உண்டு. ஒரு பிரிவு வேண்டாம் என்றதை இன்னொரு பிரிவு ஏற்றுக்கொள்ளலாம். விமானம் ஓட்ட வேண்டியவருக்குத் தேவைப்படும் நிறப்பார்வை, தரைப்பணி எல்லாவற்றுக்கும் தேவைப்படுவதில்லை. அமெரிக்காவில் மருத்துவத் தரம் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக ஒரே ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் விதிவிலக்கு தருவதா இல்லையா என்பதை ஒவ்வொரு படையும் தனித்தனியாக முடிவுசெய்கிறது. ஒன்று மறுத்த ஒருவரை இன்னொன்று எடுத்துக்கொள்வது அங்கே நடக்கிற விஷயம்தான்.

மூன்றாம் படி: விதி ஏன் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இது மன ஆறுதலுக்கான படி மாதிரித் தெரியும். இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. காரணம் புரியாத வரை ‘நான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேனே, எனக்கு என்ன குறை’ என்ற கேள்வி உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும்.

ராணுவ மருத்துவர் ‘இவர் ஆரோக்கியமானவரா’ என்று பார்ப்பதில்லை. மருந்துக்கடை இல்லாத இடத்தில், தூக்கமில்லாமல், முதுகில் பாரத்தோடு, குளிரிலோ புழுதியிலோ வாரக்கணக்கில் இருந்தால் இந்த உடலுக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறார். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லாத முகாமில் முதல் வகை நீரிழிவு உயிருக்கே ஆபத்து. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடியது. ஓட்டை விழுந்த செவிப்பறை ஆழ்கடலிலும் உயரத்திலும் அழுத்த மாற்றத்தில் சிக்கலாகும். ஜி6பிடி என்ற என்சைம் குறைவு இருப்பவருக்கு அன்றாட வாழ்க்கையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவினை விழுங்கினால் அவரது சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். தோலில் வரும் எக்ஸிமாவுக்கா ஒருவரை நிராகரிப்பார்கள் என்று பலருக்கு எரிச்சல் வரும். உயிருள்ள வைரஸைக் கொண்ட பெரியம்மைத் தடுப்பூசி எக்ஸிமா உள்ளவர்களுக்குக் கடுமையான தோல் தொற்றை உண்டாக்கலாம் என்பது அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் ஒன்று.

நிறப்பார்வைக்குக் காட்டும் புள்ளி வட்டங்களுக்கும் இதே பின்னணிதான். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய ராணுவ மருத்துவர், படைக்கு ஆள் எடுப்பதற்காகவே உருவாக்கி 1917-ல் வெளியிட்டது அது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு-பச்சைக் குறை இருக்கிறது. பலர் அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களுக்கு அது தாய் வழியில்தான் கிடைக்கிறது. சில வீடுகளில் இதைக் கேட்டதும் அம்மா குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். அதை முளையிலேயே நிறுத்துங்கள்.

விதிகள் எல்லாமே சரியானவை என்று சொல்ல வரவில்லை. சில காலாவதியானவை. பிரிட்டன் 2024-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய மருத்துவ விதிகளை நீக்குவதாக அறிவித்தது. இன்று உங்களைத் தடுத்த விதி நாளை தளரலாம். அந்த நாளை நம்பி வாழ்க்கையை நிறுத்திவைக்க முடியாது, அவ்வளவுதான்.

நான்காம் படி: உங்கள் மருத்துவரைப் பாருங்கள், உங்களுக்காக

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். இதயத்தில் கூடுதல் சத்தம், சிறுநீரில் புரதம், உயர் ரத்த அழுத்தம், ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை ராணுவத்துக்குப் போகவிடாமல் தடுத்த எதிரியாக மட்டுமே பார்த்து, அப்பீலும் முடிந்ததும் தாளை மூட்டைகட்டிப் போட்டுவிடுவார்கள். பத்தொன்பது இருபது வயதில், எந்த அறிகுறியும் இல்லாமல், ஒருவர் தானாக இவ்வளவு சோதனைகளை எடுத்துக்கொள்வாரா? சிறுநீரில் புரதம் வருவது கடும் பயிற்சிக்குப் பிறகு தற்காலிகமாகவும் இருக்கலாம், சிறுநீரக நோயின் முதல் தடயமாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள வேண்டியது படைக்காக இல்லை.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இதற்குச் சிகிச்சை தேவையா? சிகிச்சை எடுத்தால் இது மாறுமா? படையில் சேரும் எண்ணமே இல்லையென்றாலும் இந்த அறுவை சிகிச்சையை எனக்குச் சொல்வீர்களா? மூன்றாவதற்குப் பதில் ‘இல்லை’ என்றால், தேர்வுக்காக மட்டும் கத்தியின் கீழ் படுக்கிறீர்கள் என்று அர்த்தம். அது தவறில்லை, தெரிந்து செய்யுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் எவ்வளவு நாள் ஆக வேண்டும் என்ற விதியையும் முன்கூட்டியே பாருங்கள். அமெரிக்காவில் லேசிக் போன்ற கண் சிகிச்சைக்குப் பின் 180 நாள் கழிய வேண்டும். மற்ற நாடுகளில் வயது, இடைவெளி, விண்ணப்பிக்கும் பிரிவு என்று நிபந்தனைகள் மாறும். சிகிச்சை முடிந்தும் வயது வரம்பைத் தாண்டிவிட்டால் என்ன பயன்?

ஐந்தாம் படி: மேல்முறையீடு செய்வதா, எப்படி?

இரண்டாம் வகைக்காரர்கள் கட்டாயம் செய்யுங்கள். முதல் வகைக்காரர்கள் சரிசெய்துகொண்டு செய்யுங்கள். மூன்றாம் வகைக்காரர்கள், நோயறிதலே தவறு என்று ஒரு சிறப்பு மருத்துவர் சொன்னால் செய்யலாம்.

‘நான் நலமாக இருக்கிறேன்’ என்ற கடிதம் எந்தக் குழுவையும் அசைக்காது. அவர்கள் சொன்ன அளவீட்டுக்கு எதிராக இன்னொரு அளவீடு வேண்டும். ரத்த அழுத்தமா, 24 மணி நேரம் உடலோடு கட்டிவைத்துப் பதியும் சோதனை. நாடித்துடிப்பா, இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் பதிவு. பழைய ஆஸ்துமா சீட்டா, நுரையீரல் செயல்திறன் சோதனையும் தேவைப்பட்டால் மூச்சுக்குழல் சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும். செவித்திறனா, அழுக்கை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க இரைச்சலிலிருந்து விலகி இருந்துவிட்டு மறுபடி எடுப்பது. பொது மருத்துவர் தரும் சான்றிதழைவிட அந்தத் துறையின் சிறப்பு மருத்துவர் எண்களோடு எழுதும் அறிக்கைக்கு எடை அதிகம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள்.

உண்மையை மறைக்காதீர்கள். ஒரு படையில் சொன்ன நோயை இன்னொரு படையில் சொல்லாமல் விடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். சேரும்போது தெரிந்தே பொய்யான பதில் தருவது இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்க ராணுவச் சட்டத்திலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மறைத்த வலிப்பு துப்பாக்கிச் சுடுதளத்தில் வந்தால் பக்கத்தில் நிற்பவரின் கதி? ‘மெடிக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்பவரைக் கண்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன்பே முடிவுத் தேதியையும் எழுதிவையுங்கள். ‘இந்தக் குழுவின் பதிலோடு முடித்துக்கொள்வேன்’ அல்லது ‘இத்தனை வயதுவரைதான்’ என்று ஏதோ ஒன்று, நம்பும் ஒருவரிடம் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. காத்திருக்கும் மாதங்களில் படிப்போ வேலையோ ஓடிக்கொண்டிருக்கட்டும். அப்பீலை மட்டுமே வேலையாக வைத்துக்கொண்டவருக்குப் பதில் எதிராக வரும்போது கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

ஆறாம் படி: துக்கப்படுங்கள்

வாசல் மூடியது உறுதியானதும் பலருக்கு விசித்திரமான ஒன்று நடக்கிறது. அழுகை வருகிறது, கூடவே ‘இதற்கெல்லாமா அழுவது, யாரும் சாகவில்லையே’ என்ற வெட்கமும் வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் இதைப் பற்றி எழுதினார்: சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்கள் உண்டு, ஆறுதல் சொல்ல யாரும் வராததாலேயே அவை கூடுதலாக அழுத்துகின்றன. நீங்கள் இழந்தது ஒரு வேலையை மட்டுமா? சேரப்போகும் ரெஜிமெண்ட், சீருடையில் எடுக்கப்போகும் படம், இன்னும் சந்திக்காத தோழர்கள் என்று மனதுக்குள் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்துவிட்ட ஒரு வாழ்க்கை அது.

எட்டு வயதிலிருந்து ‘நான் ஆர்மிக்குப் போவேன்’ என்று சொல்லி வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-ல் இளைஞர்களின் அடையாளத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தார். வேறு எதையும் முயன்று பார்க்காமலேயே ஒன்றில் உறுதியாக நின்றுவிடுவது அதில் ஒன்று. அப்படி நின்றவருக்கு அது போனதும் ‘வேறு என்ன பிடிக்கும்’ என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. அதில் அதிர வேண்டியதில்லை, தேடிப் பார்க்க இதுவரை தேவை வரவில்லை.

கலாம் கதையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து நின்றார் என்பது உண்மை. அது மருத்துவ நிராகரிப்பு இல்லை என்பது ஒருபுறம். முதல் மாதத்தில் எந்த வெற்றிக் கதையும் உள்ளே இறங்காது என்பது இன்னொரு புறம். சொல்பவரிடம் கோபப்படாமல் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

பயிற்சியை மட்டும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் தடுக்காத அளவுக்கு ஓடுங்கள். தினமும் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று பத்து மணிவரை படுக்க ஆரம்பித்தால் தூக்கமும் பசியும் நண்பர் வட்டமும் ஒன்றாகக் குலையும். உடன் பயின்று தேர்வானவர்களின் படங்களைப் பார்க்கும்போது நெஞ்சு எரிந்தால், சில மாதம் அவர்களின் பதிவுகள் தெரியாதபடி மாற்றி வையுங்கள். அதனால் நட்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியில்லை, எதிலும் விருப்பமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே பேசுங்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123. மனநல சிகிச்சை எடுத்தால் பிறகு படையில் சேர முடியாதே என்று அஞ்சித் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. தள்ளிப்போடக் கூடாத விஷயம் இது.

ஏழாம் படி: மற்றவர்களிடம் என்ன சொல்வது

ஒரு வரியைத் தயார் செய்துகொள்ளுங்கள். ‘மெடிக்கலில் ஒரு விதி ஒத்துவரவில்லை, இப்போது வேறு வேலை பார்க்கிறேன்.’ போதும். என்ன நோய் என்று எல்லோரிடமும் விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை, வேரிகோசீல் மாதிரி விஷயங்களில் சுத்தமாக இல்லை. சந்தேகப்படுபவர்களும் இருப்பார்கள். பாடகர் ஃபிராங்க் சினாத்ராவைச் செவிப்பறை ஓட்டையைக் காரணம் காட்டி 1943-ல் விலக்கியபோது, காசு கொடுத்துத் தப்பித்தார் என்ற பேச்சு எழுந்து எஃப்.பி.ஐ. விசாரணை வரை போனது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு புகழ் இருந்தவராலேயே ஊர்வாயை மூட முடியவில்லை. நீங்கள் முயல வேண்டாம்.

அப்பாவோ தாத்தாவோ படையில் இருந்த வீடு என்றால் ஒரு வரி போதாது. அவர்களிடம் அந்தத் தாளைக் காட்டி, மூன்றாம் படியில் சொன்ன காரணத்தை விளக்குங்கள். பணியில் இருந்தவருக்கு அது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

எட்டாம் படி: எது இழுத்தது என்று பிரித்துப் பாருங்கள்

எட்டாத இலக்கை விடுவது பற்றி கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டாததை விட முடிந்தவர்களும் புதியதைப் பற்றிக்கொள்ள முடிந்தவர்களும் மனநலத்தில் மேலாக இருப்பதை அது காட்டியது. இரண்டும் வேறு வேறு திறன்கள். விட்டுவிட்டால் மட்டும் போதாது.

‘ராணுவம் பிடிக்கும்’ என்பதை உடைத்து எழுதுங்கள். சீருடையா, வெளியில் திரியும் வாழ்க்கையா, ஆபத்தில் இருப்பவரைக் காப்பதா, இயந்திரங்களா, பறப்பதா, நிலையான சம்பளமா, நாலு பேரோடு ஒரே அணியாக இருப்பதா? காப்பதுதான் இழுத்தது என்றால் ஆம்புலன்ஸ், பேரிடர் மீட்பு, செவிலியர் பணி. ஆயுதங்களும் கப்பல்களும் இழுத்தன என்றால் பாதுகாப்புத் துறையின் சிவிலியன் வேலைகள்: இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகங்கள், ராணுவப் பொறியியல் சேவை, கப்பல் கட்டும் தளங்கள். சீருடையும் அணிவகுப்பும் என்றால், ஆசிரியராகி என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையின் அதிகாரியாகப் பொறுப்பேற்கும் வழி இருக்கிறது. அதிகம் பேசப்படாத வழி. பணமும் பாதுகாப்பும்தான் என்று பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள், அதற்கு வழிகள் மிக அதிகம்.

ஒரு பெரிய எச்சரிக்கை. மனம் உடைந்த வேகத்தில் காவல்துறை, துணை ராணுவம், வணிகக் கப்பல், ரயில் ஓட்டுநர், விமானி என்று தாவுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் மருத்துவத் தரம் உண்டு. நிறப்பார்வை இல்லாததால் விமானப்படை திருப்பி அனுப்பிய ஒருவர், அதே குறைக்காக ரயில் எஞ்சின் ஓட்டும் வேலையிலும் கப்பலின் மேல்தளப் பணியிலும் தடுக்கப்படுவார். தட்டைப் பாதமும் முட்டி இடிப்பும் துணை ராணுவ மெடிக்கலிலும் பார்க்கப்படுபவை. மறுபடி இரண்டு ஆண்டு தயாராகி, மறுபடி அதே வரியால் திரும்பி வருவது முதல் அடியைவிட மோசம். ஆகவே விண்ணப்பத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன், அந்த வேலையின் மருத்துவத் தர அறிவிக்கையைப் பதிவிறக்கி, உங்கள் தாளில் எழுதியிருக்கும் குறையை அதில் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்தையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, ‘இந்த வரியை நான் தாண்டுவேனா’ என்று கேட்டுவிட்டுப் படிக்க உட்காருங்கள்.